தூரம் தடுக்கிறது, முஹல்லா முன்வரட்டும்!

நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்துக் கொண்டவர், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர் என நம் முஹல்லாக்களில் நோயாளிகள் பெருகி வருகிறார்கள். நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் எச்சரித்தது.

இவர்களுக்கு மருத்துவர்கள் மாத்திரையோடு, நிபுணரின் மேற்பார்வையில் உடற்பயிற்சியும் செய்யச் சொல்கிறார்கள். முதல் மாதம் ஒழுங்காகப் போகிறார்கள். இரண்டாம் மாதம் குறைகிறது. மூன்றாம் மாதம் நின்றே விடுகிறது. உடனே நாம் 'சோம்பேறி' என்று பட்டம் சூட்டி விடுகிறோம்.

சற்றே கணக்குப் போட்டுப் பாருங்கள்! இதய நோயாளிகளுக்கான பயிற்சி பல நாடுகளில் வாரம் மூன்று நாள் வீதம் 12 வாரங்கள், அதாவது 36 முறை. போய்வர இரண்டு மணி நேரமானால் 72 மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. பெரியகடை வீதியில் தனியாளாகக் கடை நடத்துபவர் 36 முறை ஷட்டரை இறக்க முடியுமா? வால்பாறைத் தொழிலாளி 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து மேலும் 40 கிலோமீட்டர் கடந்து கோவைக்கு எத்தனை நாள் வருவார்? துணைக்கு ஆளில்லாத நம் தாய்மார்களின் நிலை என்ன?

தூரம் கூடினால் வருகை குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதேசமயம், ஆபத்து குறைந்த நோயாளிகள் முறையான வழிகாட்டுதலுடன் வீட்டிலேயே செய்யும் பயிற்சி, மருத்துவமனைப் பயிற்சிக்கு நிகரான பலன் தருவதும் தெரியவந்துள்ளது. நோயாளி போக முடியாவிட்டால் பயிற்சி அவரிடம் வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு சென்றது இந்த அடிப்படையில்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஐவேளையும் நடந்து செல்லும் தூரத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. நம் மதரஸா கூடங்களும் திருமண மண்டபங்களும் பல நாட்கள் பூட்டியே கிடக்கின்றன. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், ஓர் இயன்முறை மருத்துவரை அங்கே அழைத்து வர முடியாதா? பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் ஏற்பாடு செய்ய முடியாதா? வணிகப் பெருமக்கள் செலவை ஏற்கட்டும். இளைஞர்கள் முதியவர்களை அழைத்து வரட்டும். வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்கட்டும். இதய நோயாளிகள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் அனுமதி பெற்ற பின்பே சேர வேண்டும்.

அரசுக்கும் மாநகராட்சிக்கும் பொறுப்பு இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறிப்பிட்ட நாட்களில் இப்பயிற்சி நடக்க வேண்டும். இது சலுகையல்ல, உரிமை!

குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உடலும் அவன் தந்த அமானிதமே. தொடர்ந்து பேணுவதற்கான வழியை வீட்டருகே அமைப்போம், இன்ஷா அல்லாஹ்!