வால் எண்ணில் மட்டும் அடித்த டார்ச்

மீனம்பாக்கத்தில் வெளிநாட்டுத் தனி விமானங்களுக்குத் தரைச்சேவை செய்யும் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒருநாள் இரவு, நோயாளி ஒருவரை ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் விமானம் வரவேண்டியிருந்தது. கிளம்பும் நேரத்தில் அதில் கோளாறு. அதே மாதிரி வேறொரு விமானத்தை அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் அனுமதி பழைய பதிவெண்ணுக்குத்தான். டெல்லிக்கு போன்மேல் போன் போட்டுப் புது அனுமதி வாங்க நான்கு மணி நேரம் ஆனது. “கடைசி எழுத்து ஒண்ணுதானே சார் மாறியிருக்கு?” என்று நோயாளியின் மகன் கெஞ்சினார். விமானம் இறங்கியதும் வால் எண்ணில் டார்ச் அடித்துக் காகிதத்தோடு ஒத்துப்பார்த்தோம். அதோடு சோதனை முடிந்தது.

இந்தக் கெடுபிடி தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது புருலியா கதை. 1995 டிசம்பர் 17 இரவு மேற்குவங்கத்தின் அந்த மாவட்டத்தில் ஏகே-47 துப்பாக்கிகளைக் கொட்டிவிட்டுப் போன அன்டோனோவ்-26, வேலி தாண்டி வந்ததல்ல. அனுமதி பெற்று வந்தது. ஆயுதப் பெட்டிகளோடு வாரணாசியில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பியது. சில நாளில் தாய்லாந்திலிருந்து திரும்பும் வழியில் எங்கள் மீனம்பாக்கத்திலும் எரிபொருள் போட்டுக்கொண்டது. பிறகுதான் அதை மும்பையில் இறக்கிப் பிடித்தார்கள். அப்போதும் முக்கியப் புள்ளியான கிம் டேவி நழுவிவிட்டார்.

சட்டத்தில் ஓட்டை இல்லை. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 16-வது பிரிவு, வந்திறங்கும் வெளிநாட்டு விமானத்தைச் சோதிக்கும் உரிமையை அந்தந்த நாட்டுக்கே தருகிறது. வீண் தாமதம் மட்டும் கூடாது என்கிறது. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். தாமதம் முழுவதும் காகிதத்தில். எரிபொருளுக்காக மட்டும் இறங்குகிறேன் என்றால் சரக்கறைக் கதவை யார் திறந்து பார்க்கிறார்கள்?

உயிர்காக்க வரும் விமானம் மாறினால், நள்ளிரவானாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதிவெண்ணைத் திருத்தித் தர ஒரு மேசை வேண்டும். அங்கே மிச்சமாகும் நேரத்தை, இறங்கும் சரக்கு விமானத்தின் கதவடியில் செலவிடட்டும்.

வாரணாசிக்கு வந்த விமானத்துக்கும் வால் எண் இருந்தது, அனுமதி இருந்தது. டார்ச் வெளிச்சம் பட்டிருக்க வேண்டிய இடம் அதன் வயிறு.