பெற்றோரும் ஆடட்டும், பள்ளிக்கூட கேட் திறக்கட்டும்!

மாலை 4 மணி. சென்னையில் எந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாலும் ஒரே காட்சிதான்.

பிளாட்பாரம் நிறையத் தாய்மார்கள். ஸ்கூட்டரில் சாய்ந்தபடி நாலைந்து அப்பாக்கள். மர நிழலில் ஒரு பாட்டி. வரிசையாக ஆட்டோக்கள், வேன்கள். எல்லோர் கண்ணும் பூட்டிய கேட் மேலே!

மணி அடிக்கிறது. பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடி வருகிறார்கள். "எத்தனை மார்க்?", "ஹோம் ஒர்க் என்ன?", "டிபன் பாக்ஸை எங்கே விட்டே?" என்று கேள்விகள் பறக்கின்றன.

"இன்னைக்கு என்னடா விளையாடினே?" என்ற கேள்வி மட்டும் காதில் விழுவதில்லை.

பத்து நிமிஷத்தில் வாசல் காலி. உள்ளே மைதானமும் காலி. வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டுகிறார். வீட்டுக்குப் போன பையன் செல்போனை எடுக்கிறான். அம்மா அடுப்படிக்குப் போகிறாள். ராத்திரி 9 மணிக்கு வரும் அப்பா டி.வி. முன்னால் சாய்கிறார். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் நாலு அடி நடந்து எத்தனை நாளாச்சோ!

இந்தக் காட்சியை மாற்ற முடியும். அதற்குச் சாவி பள்ளிக்கூடத்திடம் இருக்கிறது.

பெண்கள் நிலை இன்னும் மோசம்

உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2022-ம் ஆண்டு நிலவரப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடல் அசைவு கிடையாது. ஆண்களில் 100-க்கு 42 பேர். பெண்களில் 100-க்கு 57 பேர்!

"வீட்டு வேலை செய்றோமே, அது போதாதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, நடை, விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் இந்த 57 வருகிறது. மிக்சியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்த வீடுகளில் வேலை இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது. மூச்சு வாங்கும் நடை இல்லை. குடம் சுமக்கும் வீடுகளில் முதுகு வலி இருக்கிறது; சிரித்து ஆடி மனசு லேசாக ஒரு மணி நேரம் இல்லை.

விளைவு என்ன? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொன்னது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் அறிவித்தது. அந்த வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்!

சோறு, வம்சம், வயசு, கவலை என்று காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒரு காரணம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது. அதை மாற்றுவது மட்டும் அவரவர் காலில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிஷம். ஓட்டம், குதியாட்டம், வேக நடை எதுவானாலும் சரி.

பார்க்கில் யார்?

"தினமும் வாக்கிங் போங்க" என்று டாக்டர் சொல்லி விடுகிறார். சொல்வது சுலபம்.

காலையில் மெரினாவில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் அண்ணாநகர் டவர் பார்க்கிலும் சுற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம். மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோ மீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் தமிழக அரசு ஒரு திட்டத்தையும் தொடங்கியது. அதுவும் நல்ல விஷயம்.

ஆனால் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாளே அந்தத் தாய், அவள் காலை 6 மணிக்கு எங்கே இருக்கிறாள்? குக்கர் விசில் எண்ணிக் கொண்டிருக்கிறாள்! அவளுக்கு 8 கிலோ மீட்டரும் கிடையாது, 8 நிமிஷமும் கிடையாது. கிடைத்தாலும், "இந்த வயசுல இவளுக்கு ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கு?" என்று நாலு பேர் சொல்வார்களோ என்ற கூச்சம் வேறே.

அவள் தவறாமல் வருகிற இடம் ஒன்று உண்டென்றால் அது பள்ளிக்கூட வாசல்தான். தனக்கென்று வராதவள், பிள்ளைக்கென்றால் வந்து விடுவாள்!

அந்த ஒரு நாள்

சந்தேகம் இருப்பவர்கள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவைப் போய்ப் பார்க்கட்டும்.

பரிசளிப்புக்கு முன்னால் மைக்கில் அறிவிப்பு வரும்: "அடுத்து, பெற்றோர்களுக்கான மியூசிக்கல் சேர்!"

முதலில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "நீ போ", "நீ போடி" என்று தள்ளிக் கொள்வார்கள். பிள்ளை வந்து கையைப் பிடித்து இழுப்பான். "அம்மா, வாம்மா! எங்க மிஸ்ஸே ஓடப் போறாங்க!"

அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக் கொண்டு அம்மா இறங்கி விடுவாள். ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து அப்பாக்கள் வேகமாக நடப்பார்கள். தொப்பை குலுங்கும். பழம் கீழே விழும். மைதானமே சிரிக்கும். ஜெயித்த அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் பரிசு. ஆனால் அன்று அந்தப் பிள்ளைக்குத் தலை கால் புரியாது!

கூச்சம் எங்கே போயிற்று? நேரம் எப்படிக் கிடைத்தது? பக்கத்தில் பிள்ளை இருந்தான், சுற்றிலும் தெரிந்த முகங்கள் இருந்தன, கூப்பிட்டது பள்ளிக்கூடம். அதுதான் ரகசியம்.

வருஷத்துக்கு ஒரு நாள் நடப்பது வாரத்துக்கு ஒரு நாள் நடந்தால் என்ன?

சென்னைக்குப் புதுசு அல்ல

பள்ளிக்கூடம் என்றால் பாடம் மட்டும் அல்ல என்று ஊருக்கே காட்டியது இந்தச் சென்னைதான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று, 1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அப்போது மாநகராட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர்.

அதே 1920-ல் இதே ஊரில் இன்னொன்றும் பிறந்தது. ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி! ஆசியாவிலேயே முதலாவது என்று பெயர் பெற்றது. தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். நாடெங்கும் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்களை அனுப்பிய நந்தனம் மைதானம் அதுதான்.

சோறு போடும் வேலையைச் சென்னை விடவில்லை. காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டு போனார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் வந்தது. விளையாட்டு மட்டும் எங்கே தங்கி விட்டது? டைம் டேபிளில் டிரில் பீரியடு இருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து, "போர்ஷன் முடிக்கணும், உட்காருங்க" என்பார். பந்து அலமாரியில் தூங்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டமோ கோடிக்கணக்கில் பணமோ வேண்டாம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்து வைத்தால் போதும். காலை 6.30 முதல் 7.30 வரை வைத்தால் வெயிலும் உறைக்காது. மழைக்காலத்தில் ஹாலோ வராந்தாவோ இருக்கிறது.

முதல் பத்து நிமிஷம் குடும்பத்தோடு மைதானத்தைச் சுற்றி நடை. அப்புறம் ஆட்டம். கயிறு தாண்டலாம். டென்னிகாய்ட் வளையம் வீசலாம். எறிபந்து ஆடலாம். கோலப்பொடியில் கட்டம் போட்டால் பாண்டி தயார்; கோடு கிழித்தால் கிளித்தட்டு தயார். ஏழு ஓட்டாஞ்சில்லும் ஒரு ரப்பர் பந்தும் இருந்தால் அதற்கும் ஒரு ஆட்டம் உண்டு.

இதில் பிள்ளைதான் மாஸ்டர்! டிரில் பீரியடில் கற்றதை அவன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பாண்டி ஆட்டத்தின் சட்டதிட்டத்தைப் பாட்டி பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த வித்தையில் பாட்டியை மிஞ்ச ஆள் கிடையாது.

வாரத்துக்கு ஒரு நாள் போதுமா? போதாது. அதனால் வீட்டுப்பாடமும் கொடுக்கலாம். "அப்பாவோடு கடைக்கு நடந்து போய் வா. அம்மாவோடு மொட்டை மாடியில் 100 தடவை கயிறு தாண்டு. நோட்டில் எழுதி வா." கணக்கு வீட்டுப்பாடத்துக்கு டியூஷன் தேடும் பெற்றோர் இதற்குத் தாங்களே வந்துதான் ஆக வேண்டும்!

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை 2012-ல் பிள்ளைகளைத் தினமும் 15 நிமிஷம் ஓட விட்டார். அதே டிரெஸ், தனிக் கருவி எதுவும் இல்லை. அந்தச் சின்ன வேலை பல நாடுகளுக்குப் பரவி விட்டது. பெற்றோரையும் உள்ளே அழைத்தால் சென்னை அதைவிட ஒரு படி மேலே போய்விடும்.

"பாதுகாப்பு என்னாவது?"

தலைமை ஆசிரியர்கள் சொல்லும் தயக்கங்களில் அர்த்தம் உண்டு. "வெளி ஆள் உள்ளே வந்தா யார் பொறுப்பு?", "குப்பை போட்டா யார் பெருக்குறது?", "எங்க டீச்சருங்களுக்கு சனிக்கிழமை கூட லீவு இல்லையா?" என்கிறார்கள்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் 2022-ல் திருத்தி அமைக்கப்பட்டன.

சனிக்கிழமை மைதானத்தை அந்தக் குழுவிடம் கொடுக்கலாம். பிள்ளையின் அடையாள அட்டையைக் காட்டினால்தான் கேட் திறக்க வேண்டும். முறை வைத்து நாலு பெற்றோர் மேற்பார்வை பார்க்கட்டும். போகும்போது அவர்களே பெருக்கி விட்டுப் போகட்டும். டிரில் மாஸ்டரோ டீச்சரோ வந்தால் ஒரு நாள் மாற்று விடுப்பு கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாத்தியார் தலையிலேயே கட்டினால் மூன்றாவது வாரமே திட்டம் படுத்து விடும்!

மைதானமே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. மாடி மேல் மாடி கட்டிய தனியார் பள்ளிகளும் அதில் உண்டு. அவற்றுக்குப் பக்கத்து மாநகராட்சி மைதானத்தில் நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று தெருக்களிலாவது பிளாட்பாரத்தைச் சரி செய்து கொடுத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆட்டோவை விட்டு விட்டு அம்மா கையைப் பிடித்து நடந்தே வருவார்கள்.

கேலியும் கட்டாயமும் கூடாது

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது அட்டெண்டன்ஸ் எடுக்கும் விவகாரமாக மாறக் கூடாது.

எல்லா வீட்டிலும் அப்பா சனிக்கிழமை சும்மா இருப்பதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் உண்டு. விடியற்காலை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் உண்டு. நாலு வீட்டில் வேலை பார்க்கும் அம்மா உண்டு. அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகளும் உண்டு. "உங்க வீட்டிலேர்ந்து யாரும் வரலையா?" என்று அந்தப் பிள்ளையை வகுப்பில் நிறுத்திக் கேட்டால், அதைவிடப் பாவம் வேறு இல்லை. பாட்டி வரட்டும், அண்ணன் வரட்டும், எதிர்வீட்டு மாமா வரட்டும். யாருமே வராவிட்டால் பக்கத்துக் குடும்பத்தோடு சேர்ந்து ஆடட்டும்.

அதே மாதிரி, எல்லோர் முன்னாலும் எடை பார்த்து, "குண்டு" என்று பட்டம் கட்டும் வேலையும் கூடாது. ஒரு தடவை கேலிக்கு ஆளான பிள்ளை மறு தடவை மைதானம் பக்கமே வராது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் ஒரு ஆட்டம் இருக்க வேண்டும். இதய நோயோ, ரத்தக் கொதிப்போ, கட்டுக்கடங்காத சுகரோ உள்ள பெற்றோர் டாக்டரைக் கேட்டு விட்டு, நடையோடு ஆரம்பிப்பது நல்லது.

சாவி யார் கையில்?

மைதானம் இருக்கிறது. கேட் இருக்கிறது. வாசலில் பெற்றோரும் நிற்கிறார்கள். நடுவில் ஒரு பூட்டுதான் குறுக்கே நிற்கிறது!

மாநகராட்சியும் கல்வித்துறையும் முதலில் வட்டாரத்துக்கு ஒரு பள்ளியில் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். ராயபுரத்தில் ஒன்று, வியாசர்பாடியில் ஒன்று, சைதாப்பேட்டையில் ஒன்று. ஆறு மாதம் நடக்கட்டும். தனியார் பள்ளிகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பெற்றோரைப் பீஸ் கட்டவும் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடவும் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. இன்று மாலை பிள்ளை கேட்டைத் தாண்டி ஓடி வரும்போது, ஹோம் ஒர்க்கை ஒரு நிமிஷம் தள்ளி வைத்து, "இன்னைக்கு என்ன விளையாடினே? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டுப் பார்க்கட்டும்.

அந்தப் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்த்தால், அடுத்த சனிக்கிழமை கேட்டைத் திறக்கச் சொல்லிப் பெற்றோரே போய் நிற்பார்கள்.

திறக்க வேண்டியவர்கள் திறப்பார்களா?