விடைக்கோழியை ஏசலாமா?

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று படிக்கிறோம். ஆனால் நம் வீட்டு விடைக்கோழியிடம் மட்டும் பொறுமை காட்ட மறுக்கிறோம். ஐந்து மாதம் ஆனதும், "தீனிதான் வீண், முட்டையைக் காணோம்" என்று குழம்புச் சட்டியைத் தேடுகிறோம். இது நியாயமா?

பண்ணைக் கோழி ஏறக்குறைய 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கோ ஆறு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கொண்டையும் முகமும் சிவந்து, மூலை முடுக்கெல்லாம் நுழைந்து இடம் தேடினால் காலம் நெருங்கிவிட்டது என அறியலாம். அதுவரை நாம் தர வேண்டியது ஏச்சு அல்ல. தானியமும் தண்ணீரும், முட்டை ஓட்டுக்கு வேண்டிய கிளிஞ்சல் தூளும், வைக்கோல் பரப்பிய கூடையும்தான். முதல் முட்டை சிறிதாகத்தான் இருக்கும். அதைக் கேலி செய்ய வேண்டாம். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது!

அன்பார்ந்த பெற்றோரே, எங்களுக்குள்ளும் விடைக்கோழிகள் உண்டு. மதிப்பெண் குறைந்ததும், "இனி இவளுக்குப் படிப்பு எதற்கு?" என்று பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பருவம் உண்டு. தீனியை நிறுத்திவிட்டு முட்டையை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?