பம்பாயில் ஒரு பகல்

பம்பாய்க்கு 1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என்று பெயர். ஆயினும் நம்முடன் வந்த மாமாவுக்கு அது பம்பாய்தான். எண்பது வயதைத் தாண்டிய அவருடனும், வீட்டுக் குழந்தைகள் இருவருடனும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்நகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோம்.

காலையில் அப்போலோ பந்தர். அங்கே கடலை நோக்கி நிற்கும் 'இந்தியாவின் வாயில்', ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-இல் வந்திறங்கியதன் ஞாபகார்த்தம். மன்னர் வந்தபோது இருந்தது அட்டையால் செய்த மாதிரி மட்டுமே. கட்டி முடித்தது 1924-இல். வெள்ளையர் வருகையைக் கொண்டாட எழுப்பிய இவ்வாயிலின் வழியாகவே, 1948 பிப்ரவரி 28-இல் அவர்களுடைய கடைசித் துருப்பு வெளியேறிக் கப்பலேறியது. இவ்விந்தையை நாம் குழந்தைகளுக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்துக்கொண்டிருக்கையில், எலிபெண்டா படகு நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டது!

அடுத்து மலபார் குன்றின் தொங்கும் தோட்டம். "எங்கே தொங்குகிறது?" என்றாள் சின்னவள். நியாயமான கேள்வி. அது தொங்கவில்லை, நகரத்தின் குடிநீர்த் தேக்கம் ஒன்றன்மேல் அமைந்திருக்கிறது. மிருக உருவங்களாகக் கத்தரித்த செடிகளையும், எதிர்ப் பூங்காவின் பூட்ஸ் வடிவ வீட்டையும் குழந்தைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாமாவோ, "கோவாலியா டாங்க் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் தகப்பனார் அக்காலத்தில் பம்பாயில் குமாஸ்தா. 1942 ஆகஸ்டு 8-ஆம் தேதி அங்கே காந்தியடிகளின் சொல்லைக் கேட்ட ஜனத்திரளில் அவரும் ஒருவர். அம்மாதமே உத்தியோகம் போயிற்று; ஊர் திரும்பியவர் அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லையாம்.

குன்றிறங்கிப் போனோம். மாடு குளிப்பாட்டிய குளம் என்றோ மைதானமாகிவிட்டது. இப்போது ஆகஸ்டு கிராந்தி மைதானம் என்று பெயர். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமா நேரே ஆட்டத்தின் நடுவில் போய் நின்றுவிட்டார்! விலகச் சொல்லி அவர்கள் ஹிந்தியில் கூவினார்கள். மாமாவுக்கு ஹிந்தி தெரியாது. நாம் ஓடிச் சென்று, நமக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னோம். பந்து போட வந்த பையன், "எந்த இடத்தில் நின்றாராம்?" என்று கேட்டான்.

மொழிபெயர்த்துச் சொன்னோம். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே!" என்றார்.

மாலையில் சௌபாத்திக் கடற்கரை. 1920-இல் திலகரின் உடல் தீக்கிரையான அம்மணலில் அவர் சிலை நிற்கிறது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வணங்கினார். பிறகு, வெளியில் பச்சைத் தண்ணீரும் தொடாத அம்மனிதர், குழந்தைகளின் கையிலிருந்த பேல்பூரியில் ஒரு பிடி வாங்கிக்கொண்டார்.