மூன்றாவது பக்கம்

வேலை விண்ணப்ப பாரத்தில் பொய் எழுதியவன் நான். அதற்காக வருத்தப்படவில்லை என்று சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

முதல் இரண்டு பக்கங்களில் படிப்பு, அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம். மூன்றாவது பக்கத்தில் நோய்ப் பட்டியல்: இனிப்புநீர், வலிப்பு, ஆஸ்துமா, இருதய நோய், மனநோய். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' கட்டங்கள். தகவல் பொய்யென்றால் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டு நீக்கலாம் என்ற வாசகத்தின் கீழே கையெழுத்து.

பதினேழு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். இரண்டு இடங்களில் உண்மையை எழுதினேன். "கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. மூன்றாவது இடத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். கிள்ளானில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கிராணி வேலை கிடைத்தது.

பொய் சொல்லி உள்ளே போனவன் பொய்யோடுதான் வேலை செய்ய வேண்டும். ஊசியைக் கழிவறையில் போட்டுக்கொண்டேன். சரக்குக் கணக்கெடுப்பு நாளன்று சாப்பாட்டு நேரம் தள்ளிக்கொண்டே போனது. "நான் இப்பவே சாப்பிடணும்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லப் பயம். ஏணியில் நின்றபோது கை நடுங்கியது, வியர்த்தது, கண் இருட்டியது. கீழே நின்ற வங்காளதேச நண்பர் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது.

சூப்பர்வைசர் அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார்.

"ஏன்டா, முன்னாடியே சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா வேலை கொடுத்திருப்பீங்களாக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை.

'பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறோம்' என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். அந்தக் கேள்விதான் என்னை ஏணியில் பட்டினியோடு நிற்க வைத்தது. உண்மை சொன்னவனை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், உள்ளே மிஞ்சுவது ஆரோக்கியமானவர்களும் மறைப்பவர்களும்தான். இதில் என்ன பாதுகாப்பு?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை அந்தரங்கத் தரவாகக் கருதி, வெளிப்படையான ஒப்புதல் கேட்கிறது. வாடகை பாக்கியோடு வேலை தேடுபவன் போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? கர்ப்பமாக இருந்ததால் தற்காலிக ஆசிரியர் பணி மறுக்கப்பட்ட நூர்ஃபாடிலாவுக்கு 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நியாயம் வழங்கியது. மறுத்தது அரசாங்கம் என்பதால் அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு கைகொடுத்தது. கர்ப்பத்தால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அதே பிரிவு தனியாருக்குப் பொருந்தாது என்றுவிட்டது. நம்மில் பெரும்பாலோர் தனியாரிடம்தான் வேலை கேட்டு நிற்கிறோம்.

அக்கரையிலும் முழு விடியல் இல்லை. சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் உடற்குறையையும் மனநலத்தையும் பாதுகாக்கிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. என்னைத் தாங்கிய நண்பரின் நிலை இன்னும் மோசம். ஃபோமெமா பரிசோதனையில் 'தகுதியில்லை' என்று வந்தால் அவர் வேலையை மட்டுமல்ல, நாட்டையே விட்டுப் போக வேண்டும். பொய் எழுத அவருக்குக் கட்டமே கிடையாது.

லாரி ஓட்டுநரின் கண்ணைச் சோதிக்கத்தான் வேண்டும். அதை வேலை கொடுத்த பிறகு சோதியுங்கள். அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். இந்த வேலையைச் செய்ய முடியுமா, என்ன வசதி வேண்டும் என்று மட்டும் மருத்துவர் எழுதித் தரட்டும். நோயின் பெயர் எச்.ஆர். கோப்புக்கு எதற்கு?

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பன்னிரண்டரை ஆனதும், "டேய், போய்ச் சாப்பிடு" என்பார். நிறுவனம் செய்ய வேண்டியிருந்ததும் இவ்வளவுதான். அதற்கு மூன்றாவது பக்கம் தேவைப்படவில்லை.