சமாதானத் தாளுக்குள் ஒரு வெளியேற்ற உத்தரவு

ஸ்காபரோவில் வாடகை பிந்தினால், வீட்டுக்காரர் வாடகைச் சபையில் விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு தாளை நீட்டுவார். "இதிலை கையெழுத்துப் போடுங்கோ, நிலுவையைப் பிரிச்சுக் கட்டலாம்." நல்ல மனுசன்தானே என்று பலர் வாசிக்காமலே போட்டுவிடுகிறார்கள்.

அது வெறும் வாக்குறுதித் தாள் இல்லை. 2020 ஜூலையில் 184ஆம் இலக்கச் சட்டமூலம் ஒன்ராறியோவின் வாடகைச் சட்டத்தை மாற்றியது. அதன்படி, விசாரணை இல்லாமலே சபை உத்தரவாக்கக்கூடிய அந்த உடன்படிக்கையில் 78ஆம் பிரிவையும் சேர்க்கலாம். அதில் 78ஆம் பிரிவும் சேர்ந்திருந்தால், ஒரு தவணை தவறினாலே போதும். 30 நாளுக்குள் வீட்டுக்காரர் விண்ணப்பித்தால், உங்களைக் கூப்பிடாமலே வெளியேற்ற உத்தரவு வரலாம்.

வந்தபின் 10 நாளுக்குள் அதை நீக்கக் கேட்கலாம். அப்போதுதான் வேலை போனதா, வருத்தமா என்ற உங்கள் சூழ்நிலையைச் சபை பார்க்கும். முதலில் கேட்கவேண்டிய கதையைக் கடைசியில் கேட்பது என்ன நியாயம்?

வீட்டுக்காரர் பக்கமும் கஷ்டம் இருக்கு. பேஸ்மென்ட் வாடகையை நம்பி மோட்கேஜ் கட்டுற எங்கட சனம் எத்தனை பேர்! சமாதானம் இருவருக்கும் நல்லதுதான். ஆனால் விளங்காமல் போட்ட கையெழுத்தைச் சமாதானம் என்று சொல்ல முடியாது. உத்தரவாக்க முன்னம், "இது உங்களுக்கு விளங்கினதா?" என்று சபை வாடகைக்காரரை ஒருதரமாவது கேட்கவேணும்.

அதுவரை, கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் சம்மதியுங்கோ. 78 என்ற இலக்கம் தாளில் இருந்தால், சட்ட உதவி நிலையத்தில் காட்டிவிட்டுப் பேனையை எடுங்கோ.