சிஸ்டருக்கு நேரம் கொடுங்கள்

நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்கள், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதைச் சிஸ்டரிடம்தான் கேட்கிறார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது, நாட்டு மருந்து சாப்பிட்டது, வீட்டில் கவனிக்க ஆளில்லாதது எல்லாம் அவர் காதுக்குத்தான் வரும். சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய தகவல்கள் இவை. திட்டு விழாது, சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வாய் திறக்காது.

நம்பிக்கை வளர நேரம் வேண்டும். பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. 2022 ஜனவரியில் திறப்பு விழா கண்ட இக்கல்லூரிக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு ஷிப்டிலும், குறிப்பாக இரவில், எத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்பதை வார்டு வாசலிலேயே நிர்வாகம் எழுதி வைக்கட்டும்.

டாக்டர் சௌந்தரம் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைச் சேவைக்குப் பயிற்றுவித்த மாவட்டம் இது. இங்கே பரிவுக்குப் பஞ்சமில்லை, ஆள்பலம்தான் வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்றும் ஒப்பந்தத்திலேயே காத்திருக்கும் செவிலியர்களை அரசு உடனே நிரந்தரமாக்க வேண்டும். நோயாளிகளிடம் பேச அவர்களுக்கு நேரம் கிடைக்க, குறிப்பெழுதும் வேலைக்குத் தனி உதவியாளர்களையும் நியமிக்க வேண்டும்.